எதோடு ஒப்பிட்டீர்கள்?

மருந்து ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, ஆய்வகத்தை விட்டு மருந்து கம்பெனிகளுக்குக் காப்புரிமை ஆலோசகராகப் போகிறவர்கள் உண்டு. "படிச்சதெல்லாம் வீணாப் போச்சே" என்று வீட்டில் புலம்புவார்கள். உண்மையில், இந்தியாவில் காப்புரிமை முகவர் (பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்பவர்) தேர்வு எழுத சட்டப் படிப்பே தேவையில்லை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம்தான் வேண்டும். ஏன் என்பது கிளிவெக் வழக்கைப் பார்த்தால் புரியும்.

கிளிவெக், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை. அந்த நோயில் 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால், ஓயாமல் வேலை செய்யும் புரதம் ஒன்று உருவாகிறது. செல்லும் விடாமல் பெருகுகிறது. இமாட்டினிப் என்ற மூலக்கூறு, அந்தப் புரதத்தில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வந்து உட்காரும் பள்ளத்தை அடைத்துவிடும். அருமையான மருந்து, அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

தகராறு வந்தது படிகத்தில். இமாட்டினிப்போடு அமிலம் ஒன்றைச் சேர்த்துச் செய்யும் இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் ஆல்ஃபா படிகம் ஊசி ஊசியாக இருக்கும், ஈரத்தை இழுக்கும். பீட்டா படிகம் தடையில்லாமல் கொட்டும், ஈரமும் அவ்வளவாக ஏறாது. மாத்திரை அடிக்கிற இடத்தில் இது பெரிய விஷயம். இந்த பீட்டாவுக்குத்தான் கிளிவெக்கைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் கம்பெனி 1998இல் சென்னையில் விண்ணப்பித்தது. 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது.

காரணம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் பலன் கூடியிருக்க வேண்டும். மருந்து என்றால், நோயைத் தீர்க்கும் பலன். கொட்டுவதும் ஈரமும் அதில் சேராது. சரி, உடலில் சேரும் அளவு 30 சதவீதம் கூடுதல் என்று எலிச் சோதனையைக் காட்டியது கம்பெனி. எதைவிடக் கூடுதல்? உப்பாக மாற்றாத வெறும் இமாட்டினிப்பைவிட. மெசிலேட் உப்பே ஏற்கெனவே தெரிந்த பொருள், ஒப்பிட வேண்டியது அதோடு என்றது நீதிமன்றம். அதிகம் சேர்ந்தால் மட்டும் நோய் கூடுதலாகத் தீரும் என்றாகிவிடாது, அதற்குத் தனியாகச் சான்று வேண்டும் என்றும் சொன்னது.

'கன்ட்ரோல் எது?', அதாவது எதோடு ஒப்பிட்டாய் என்று ஆய்வகத்தில் முதல் வருட மாணவரிடம் கேட்கிற கேள்விதான் இது. நல்ல ஆலோசகர் இதை விண்ணப்பம் எழுதும் முன்பே கேட்டுவிடுவார், சோதனையைத் திரும்பச் செய்ய அவகாசம் இருக்கும்போதே. கூடவே இன்னொன்றும் கேட்பார்: "கருத்தரங்கில் போஸ்டர் ஏதாவது ஒட்டினீர்களா?" விண்ணப்பத்துக்கு முன்பே வெளியே தெரிந்துவிட்டால் அது புதுசு இல்லை என்றாகிவிடும் என்பதால், ஐரோப்பாவில் சொந்தப் போஸ்டரே விண்ணப்பத்துக்கு எமனாகிவிடும்.