மோரல்: ஒழுக்கமா, அறமா?

“அதுக்கு மோரல் வேற தம்பி, இதுக்கு மோரல் வேற.”

மலேசியாவில், கிள்ளான் பக்கம் உள்ள காப்பாரில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைச் சாக்கில் பொறுக்கிப் போய் விற்றால் அது திருட்டா, இல்லையா என்பதுதான் வழக்கு. “குலையை வெட்டினா திருட்டு. கீழ கெடக்குறத பொறுக்குறது தோட்டத்துப் பழக்கம்” என்றார் பெரியவர். ஜாகா (காவல்) வேலை பார்க்கும் இளைஞர் விடவில்லை. “அப்ப உங்க வீட்டு வாசல்ல கெடக்குற சைக்கிள நான் எடுத்துட்டுப் போகலாமா அண்ணே?” அதற்குப் பெரியவர் சொன்ன பதில்தான் மேலே இருப்பது.

மோரல் நம் வாயில் ஏறியது பள்ளிக்கூடத்தில். இஸ்லாமிய மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்குப் பெண்டிடிக்கான் மோரல், அதாவது மோரல் கல்வி. தமிழ்ப்பள்ளியில் அதற்கு நன்னெறிக் கல்வி என்று பெயர். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நன்னெறி உதிர்ந்து, வெறும் மோரல் ஆகிவிடும். ஒரு காலத்தில் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு 36 பண்புகளை விளக்கத்தோடு மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் புள்ளி போய்விடுமோ என்ற பயம். புதிய பாடத்திட்டத்தில் அது 18 ஆனது, அதுவும் ‘உலகளாவிய’ பண்புகள் என்ற பெயரோடு. உலகம் முழுவதற்கும் பொதுவானது என்கிறார்கள், எண்ணிக்கை மட்டும் பாடத்திட்டத்துக்கு ஒன்றாக இருக்கிறது.

சொல்லின் ஊர் ரோம். லத்தீனில் மோஸ் என்றால் வழக்கம், பன்மையில் மோரெஸ். கிரேக்கர்கள் எத்திகோஸ் என்று சொன்னதற்கு லத்தீனில் சொல் இல்லாமல், கி.மு. 44-இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ அந்த மோரெஸிலிருந்து மொராலிஸ் என்று ஒன்றைக் கட்டினார். மொழியை வளர்க்க வேண்டுமே என்று சொல்லிக்கொண்டே கட்டினார். ஆக, மோரலின் வேரில் இருப்பது ஊர் வழக்கம்தான். பெரியவர் ‘பழக்கம்’ என்று தொடங்கி ‘மோரல்’ என்று முடித்தாரே, சிசரோ கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

இந்தப் பொருளுக்கு நம்மிடம் உள்ள நேர்ச்சொல் ஒழுக்கம். ஒழுகு என்பதிலிருந்து வருவது. மழைநாளில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுத் தகரக்கூரை ஒழுகும்போது சட்டி வைப்போமே, அதே ஒழுகுதான். தண்ணீர் சரிவு பார்த்து ஓடுவதுபோல மனிதன் நடந்துகொள்ளும் விதம். ஆகவே அது இடம் பார்க்கும். பழைய இலக்கணத்தில் திணை என்றால் நிலம், திணை என்றால் ஒழுக்கமும்கூட. வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பதற்கே களவொழுக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றைக்கு எந்த அத்தையிடமாவது இதை ‘ஒழுக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள்! ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்று வள்ளுவர் சொன்னதும் ஒழுக்கமுடைமை அதிகாரத்தில்தான். மலாய்க்காரர்கள் இதையே “லாயின் பாடாங், லாயின் பெலாலாங்” என்பார்கள். திடல் வேறு, வெட்டுக்கிளியும் வேறு.

அறம் இந்தச் சாதி இல்லை. அறு என்ற அடியிலிருந்து அது வந்தது என்பார்கள். அறுதி, வரையறை எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஒழுகுவது ஓடும், அறுத்தது நிற்கும். ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்து அறன்’ என்ற குறளில் ஊரும் இல்லை, உலகமும் இல்லை.

இரண்டையும் ஒரே மோரலுக்குள் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கூடவே இன்னொன்று: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். படையை இறக்கினார்கள், துப்பாக்கிச்சூட்டில் உயிர்களும் போயின. சைக்கிளை விட்டு இறங்குவது அன்றைக்குத் தோட்டத்து ஒழுக்கம். இறங்காதவன் மரியாதை தெரியாதவன். வழக்கம்தான் கடைசி அளவுகோல் என்றால் அந்தத் தொழிலாளர்கள் கேட்டது தப்பு. அவர்கள் அந்த ஒழுக்கத்தையே அறத்தின் முன் நிறுத்தினார்கள்.

அறமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறதே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். மாறியது அறமா, அதைப் பற்றிய நம் புரிதலா? இந்தச் சண்டையைப் போடுவதற்காவது இரண்டு சொற்களும் தனித்தனியாக வேண்டும்.

அப்புறம், மோரல் இடத்துக்கு இடம் மாறுமா, எங்கும் ஒன்றா என்ற இந்த விவாதத்தின் கலைச்சொற்கள். மாறும் என்பதைக் குறிக்கும் ‘ரிலேட்டிவ்’ என்பதற்குச் சார்பு என்று எழுதுகிறார்கள், கொள்கைக்குச் சார்பியம். சார்பியல் என்று எழுதிவிட வேண்டாம், அது ஐன்ஸ்டைனுடையது. பேச்சில் சார்பு என்றால் ஒருதலைப்பட்சம் என்று கேட்கும். ‘ஒழுக்கம் சார்புடையது’ என்றால் கடையில் இருக்கிறவர் யார் பக்கம் என்று கேட்பார். நான் ‘இடத்துக்கு இடம் மாறும்’ என்றே எழுதுவேன். எங்கும் மாறாததை ‘முத்லாக்’ என்று மலாயில் சொல்வதற்கு அறுதியான என்பது போதும்.

வழக்கு என்ன ஆனது? சைக்கிள் கேள்விக்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் பெரியவர் மெதுவாகச் சொன்னார்: “முப்பது வருஷம் இந்தக் குலையைச் சுமந்தவன் தம்பி. வேலை முடிஞ்சதும் லயத்த காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாலு பழம் பொறுக்கக் கூடாதா?” இப்போது அவர் வழக்கத்தைப் பேசவில்லை. இளைஞர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தேநீருக்கும் காசு வைத்தார். மோரல் என்ற சொல் அதற்கப்புறம் அந்த மேசையில் வரவில்லை.