மாதவிடாய் நின்றது பயிற்சியாலா, மாத்திரையாலா?

கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டு வீராங்கனைகளுக்கு 1970-களிலும் 80-களிலும் பயிற்சியாளர்கள் நீல நிற மாத்திரை ஒன்றைக் கொடுத்து வந்தார்கள். வைட்டமின் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது ஓரல் டுரினபோல் என்கிற அனபாலிக் ஸ்டீராய்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சற்று மாற்றிச் செய்தது. 'அரசுத் திட்டம் 14.25' என்று பெயரிட்டு அரசே நடத்திய இந்த வேலையில் பள்ளி வயதுச் சிறுமிகளும் சிக்கினார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 15 வயதில் மூன்று தங்கம் வென்ற ரிக்கா ரைனிஷ், சினைப்பைக் கோளாறால் சில ஆண்டுகளிலேயே நீச்சலை விட்டார். 2000-ல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் மன்ஃப்ரெட் ஏவால்டையும் மருத்துவர் மன்ஃப்ரெட் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்றது. சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதால் இருவரும் சிறைக்குப் போகவில்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்தச் சிறுமிகளின் உடலில் நடந்ததைக் கடும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். மாத்திரையே தொடாத ஓட்டக்காரிகளுக்கும் மாதவிடாய் நிற்பதுண்டே! ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதி ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பும். அவை வந்தால்தான் சினைப்பையில் முட்டை முதிரும், வெளிவரும், பிறகு மாதவிடாய் வரும்.

பயிற்சி இந்தத் தாளத்தைக் குலைப்பது பெரும்பாலும் சாப்பாடு போதாதபோதுதான். அமெரிக்க ஆய்வாளர் ஆன் லௌக்ஸின் சோதனைகள் இதைக் காட்டின. சாப்பிட்டதில் பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சுவது, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 30 கலோரிக்குக் கீழே போனால், ஐந்தே நாளில் எல்.எச். துடிப்பு தடுமாறுகிறது. கொழுப்பு நீங்கிய எடை 45 கிலோ உள்ள பெண்ணுக்கு இது 1,350 கலோரி. பயிற்சியில் 600 கலோரி எரித்தால் குறைந்தது 1,950 சாப்பிட வேண்டும். வருமானம் குறைந்த வீட்டில் கல்யாணச் செலவைத் தள்ளிப்போடுவதுபோல உடல் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. போதுமான அளவு சாப்பிட்டால் பெரும்பாலும் மாதவிடாய் திரும்பிவிடும். ஆனால் பல மாதம் விட்டால் ஈஸ்ட்ரோஜென் இல்லாமல் எலும்பு தேயும். அந்த இழப்பு முழுதாக ஈடாவதில்லை. எப்படியிருந்தாலும், "ஓடினால் பிள்ளை பிறக்காது" என்று பெண்களை மிரட்ட இதில் எந்த ஆதாரமும் இல்லை.

ஸ்டீராய்டு வேறு வழியில் வேலை செய்கிறது. பெண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் உண்டு, ஆணுக்கு இருப்பதில் சிறு பங்குதான். மாத்திரை வழியாக அளவு மீறி வந்ததும், ஹார்மோன் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அடக்கிவிடுகிறது. முட்டை முதிர்வதில்லை. நான்ட்ரோலோன் என்ற இன்னொரு அனபாலிக் ஸ்டீராய்டைச் செலுத்திய பெண் எலிகளின் சினைப்பையில், முட்டை வெளிவந்த பிறகு உருவாகும் மஞ்சள் திரளே காணப்படவில்லை.

மாத்திரையை நிறுத்தினால் மாதவிடாய் மெல்ல மெல்லத் திரும்பலாம். குரல் அப்படியல்ல. குரல்நாண்கள் தடித்துக் குரல் ஆழ்ந்துபோனால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். கிளிட்டோரிஸ் பெரிதாவதும் அப்படித்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உட்கொண்டால், வயிற்றிலிருக்கும் பெண் சிசுவின் பிறப்புறுப்பே ஆண் சாயலில் உருவாகக்கூடும்.

அப்புறம் கல்லீரல். பெரும்பாலான வாய்வழி அனபாலிக் ஸ்டீராய்டுகளைக் கல்லீரல் சட்டென்று உடைத்துவிடாதபடி அவற்றின் மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்திருப்பார்கள். பித்தநீர் தேங்குவது, இரத்தம் நிரம்பிய குழிகள், கட்டிகள் எல்லாம் இந்த வகையோடு சேர்ந்து வருபவை. நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். கடுமையாகச் சரிகிறது. ஓட்டப் பயிற்சி அதை உயர்த்தும் என்பது சரி, ஆனால் இந்தச் சரிவை ஈடுகட்ட அது போதாது. ஜிம்களில் பெண்களுக்கு ஏற்ற 'லேசான' சரக்கு என்று சொல்லித் தரப்படும் ஆக்ஸான்ட்ரோலோனும் இதே வகைதான். அமெரிக்காவில் அதன் அனுமதி 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. (ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு, அதை இதோடு குழப்பி நிறுத்திவிடாதீர்கள்.)

மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லையென்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பட்டினியிலும் ஸ்டீராய்டிலும் எல்.எச். குறைவாகவே இருக்கும். வழக்கமான டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையில் செயற்கை ஸ்டீராய்டு தெரியாமலே போகலாம். எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற இரத்தப் புரதம் துப்புக் கொடுக்கும்: உணவுப் பற்றாக்குறையில் அது உயரும், வாய்வழி ஸ்டீராய்டில் அடியோடு இறங்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்களே சொல்லிவிட்டால் அந்தச் சுற்றுவழி தேவைப்படாது.