மூச்சு விட மறக்கும் பிள்ளைகள்

குறைமாதப் பிள்ளையைப் பார்க்க, பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுவுக்குள் முதன்முதலாக வரும் அப்பாக்களின் கண் நேராக மானிட்டருக்குத்தான் போகும். கை கழுவி, கவுன் மாட்டி, பிள்ளைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டு, அதன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு முழம்கூட இல்லாத உடம்பு, 1,200 கிராம் எடை, மூக்கில் குழாய், காலில் சிவப்பாக மினுங்கும் ஒரு பட்டை. அதைப் பார்க்க மனசு வராது. எண்ணைப் பார்ப்பது சுலபம்.

நெல்லைப் பக்கம் பச்சிளம் குழந்தைகளுக்கான மருத்துவராக வேலை பார்க்கிறேன். பிள்ளையின் மூச்சைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஆனால் பதற்றத்தில் நாங்கள் சொல்லும் பதில் பாதிகூடக் காதில் ஏறாது. அதனால் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளைக்கு ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வந்துவிடும். நுரையீரலுக்கு வேலை தொடங்குவதே பிறந்த பிறகுதான். அதிலுள்ள காற்றுப் பைகளின் உட்புறம் ஈரமானது. நனைந்த பாலிதீன் பையைப் பிரித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு விரலை நுழையவிடாது. காற்றுப் பைகள் அப்படி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நுரையீரல் தானே சுரக்கும் பொருளுக்கு சர்பேக்டன்ட் என்று பெயர். கர்ப்பத்தின் ஏறக்குறைய 24 வாரத்தில் சுரக்க ஆரம்பித்து, போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்பே வந்துவிட்ட பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த ஒட்டிய பையைப் புதிதாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவதும், மூக்கு விடைப்பதும், விலாவுக்கு நடுவே தோல் குழிவதும் அந்தச் சிரமத்தைத்தான் காட்டுகின்றன.

கூடவே ஒரு முனகல் கேட்கும். "பிள்ளைக்கு எங்கயோ வலிக்கு போல" என்பார்கள் ஆச்சிமார். அது வலி இல்லை. மூச்சை வெளியே விடும்போது பிள்ளை தொண்டையைப் பாதி மூடிக்கொள்கிறது. காற்று மொத்தமும் வெளியே போய்ப் பை சுருங்கிவிடக் கூடாது என்று கொஞ்சத்தைப் பிடித்து வைக்கிறது. அந்தச் சத்தம்தான் முனகல். பிறந்து பத்து நிமிடம் ஆகாத பிள்ளை இதை எங்கே கற்றது என்று இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கும்.

நாங்கள் போடும் சி-பாப் கருவி, பிள்ளையின் கையிலிருந்து அந்த முனகல் வேலையை வாங்கிக்கொள்கிறது. மூக்குத் துளைகளில் இரண்டு சிறு குழாய் இருக்கும். காற்று வெளியேறும் குழாயின் முனை தண்ணீர்ப் பாட்டிலுக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருக்கும். அந்தத் தண்ணீர் தரும் அழுத்தம் காற்றுப் பைகளைத் திறந்தபடி வைத்திருக்கும். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் எங்கேயோ காற்று கசிகிறது, சிஸ்டரைக் கூப்பிடுங்கள். "பிள்ளைய மிஷின்ல வச்சுட்டாங்க" என்று ஊருக்கு போன் போட்டு அழ வேண்டாம். சி-பாப்பில் இருக்கும் பிள்ளை தன் மூச்சைத் தானேதான் விடுகிறது. வென்டிலேட்டர் வேறு.

சி-பாப் மட்டும் போதாத பிள்ளைகளுக்கு, மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்பேக்டன்ட்டை மூச்சுக்குழாய்க்குள் நேரடியாகச் செலுத்துவோம். இந்த வசதிகள் எல்லாம் நேற்று வந்தவை என்றுதான் சொல்ல வேண்டும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிறந்த மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம்தான் முந்திப் பிறந்தான், எடையும் 2 கிலோவுக்கு மேல். இதே மூச்சுத்திணறலில் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். சி-பாப் பற்றி அமெரிக்க மருத்துவர் கிரகரி எழுதியது 1971-இல். ஜப்பானில் மருத்துவர் ஃபுஜிவாரா 10 பிள்ளைகளுக்கு சர்பேக்டன்ட் கொடுத்த விவரம் வெளிவந்தது 1980-இல். அமெரிக்க அதிபருக்கே அன்று கிடைக்காத வைத்தியம் இன்று நம் அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பேட்ரிக் எடையில் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரை நாங்கள் சில நாட்களில் தாயின் மடியில் கொடுத்துவிடுகிறோம்.

முதல் இரண்டு மூன்று நாள் மூச்சு இன்னும் சிரமமாகி, அதற்குப் பிறகு தெளிவது இந்த நோயின் வழக்கம். நேற்றைவிட இன்று மோசம் என்றால் கவனிப்பில் குறை என்று உடனே நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் கேளுங்கள்.

அந்த நாட்கள் கழிந்து எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரத்தில்தான் வேறொன்று வரும். 29 வாரத்தில் பிறந்த ஒரு பெண் பிள்ளை, அன்று ஐந்தாவது நாள். அம்மா அன்றுதான் தைரியம் வந்து, தன் சுண்டுவிரலைப் பிள்ளையின் கைக்குள் வைத்திருந்தார். பிள்ளையும் பற்றிக்கொண்டது. திடீரென அலாரம். ஆக்சிஜன் அளவு 92, 84, 76 என்று இறங்குகிறது. நெஞ்சு அசையவில்லை, உதட்டோரம் நீலம் பாய்கிறது. ஓடி வந்த சிஸ்டர் மானிட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் பாதத்தை இரண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு பிள்ளை ஒரு பெரிய மூச்சு இழுத்தது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருக்கும். அந்த அம்மா விரலை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "நான் தொட்டதுனாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் உள்ளே வரவே இல்லை. பாலை மட்டும் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒன்று வரக்கூடும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைக்காதது எங்கள் தவறு. அந்தத் தவறை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, முதல் நாளே தாயிடம் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மூச்சு விடச் சொல்லி உத்தரவு போடும் மூளைப் பகுதி குறைமாதப் பிள்ளைக்கு இன்னும் முதிரவில்லை. அதனால் பிள்ளை அவ்வப்போது மூச்சு விட மறந்துவிடும். 20 நொடிக்கு மேல் நின்றாலோ, அதற்குள்ளேயே இதயத்துடிப்போ ஆக்சிஜனோ இறங்கினாலோ அதை அப்னியா என்கிறோம். யாரும் தொட்டதால் வருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கர்ப்பக் கணக்கில் வாரங்கள் 34, 36 என்று ஏற ஏறத் தானாகவே சரியாகிவிடும். அதுவரை காஃபீன் மருந்து கொடுப்போம். காபியில் இருக்கும் அதே காஃபீன்தான், ஆனால் எடைக்குத் தக்க அளந்து கொடுப்பது. அதற்காக யாரும் வீட்டில் டிகாக்‌ஷனைத் தேடக் கூடாது. நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென அடிக்கடி மூச்சு நின்றால் கிருமித் தொற்றாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்ப்போம். அந்த ஊசிக்குக் கோபப்படாதீர்கள்.

ஐந்து, பத்து நொடி நிறுத்திவிட்டு, பிறகு வேகவேகமாக நாலைந்து மூச்சு விடுவது வேறு. அது குறைமாதப் பிள்ளையின் இயல்பு. இரண்டையும் பிரித்தறிய மானிட்டர் மட்டும் போதாது. கால் அசைந்தாலே அலாரம் அடிக்கும் கருவி அது. பிள்ளையின் நெஞ்சைப் பாருங்கள், உதட்டின் நிறத்தைப் பாருங்கள். வீட்டுக்குப் போகும்போது மானிட்டர் கூட வராது. இந்தப் பார்வைதான் வரும்.

"ஆக்சிஜன் 100 காட்டினா நல்லதுதானே?" என்று பல அப்பாக்கள் கேட்பார்கள். நாங்கள் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் குறைமாதப் பிள்ளைக்கு நல்லதில்லை. 90-க்கும் 95-க்கும் நடுவில் நிறுத்தப் பார்ப்போம். அதிகமானால் விழித்திரை ரத்தக் குழாய்கள் கெட்டுப் பார்வையே போகலாம். கண் பரிசோதனைக்கு நாங்கள் எழுதித் தரும் தேதியை, பெரும்பாலும் பிறந்த நான்காவது வாரம், தவறவிடவே கூடாது.

அந்த அம்மாவை மூன்றாம் நாள் நானே கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சி-பாப் குழாயோடு பிள்ளையை அவர் நெஞ்சில் தோலோடு தோலாகக் கவிழ்த்து வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினோம். முதல் கால் மணி நேரம் அவர் அசையவே இல்லை, தன் மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தோள் இறங்கியது. அன்று ஒரு மணி நேரம், மறுநாள் மூன்று. இந்தக் கங்காரு பராமரிப்பு கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் கடைசியில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியது. டெல்லி உள்பட 5 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 1 முதல் 1.8 கிலோ வரையான பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இப்படி நெஞ்சில் வைத்ததில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே தாய் பார்வையாளர் இல்லை. அம்மா இல்லாவிட்டால் அப்பா நெஞ்சும் ஆகும்.

ஏழு மாதக் கர்ப்பிணி யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். வயிறு இறுகி இறுகி விட்டால் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள். 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், தாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஸ்டீராய்டு ஊசி போடுவோம். அது பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும். 1972-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் நிரூபித்த வைத்தியம் அது. ஆனால் முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். குழந்தை பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுவருவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே என்ஐசியு உள்ள மருத்துவமனைக்கு வந்து சேருவது மேல்.

காஃபீனை நிறுத்திச் சில நாள் மூச்சு நிற்காமல் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம். வீட்டில் நடக்கும் சில காரியங்களை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விடுவது, சளி எடுக்கிறேன் என்று வாய் வைத்து ஊதுவது, தலை உலர சாம்பிராணி போடுவது, முகத்தில் பவுடரைக் கொட்டுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகித் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆச்சி கோபித்துக்கொள்வார் என்றால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.

மூச்சு நின்று நிறம் மாறினால் உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகைத் தேய்த்துவிடுங்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மூச்சு திரும்ப வந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். குப்புறக் கவிழும் மாதத்தையும் உட்காரும் மாதத்தையும் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். தடுப்பூசியை மட்டும் பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும்.