டாட்ஃபைல்: புள்ளிக்கோப்பு

பெயரின் முதல் எழுத்தாகப் புள்ளி இருக்கும் கோப்புதான் டாட்ஃபைல். லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வழிக் கணினிகளில் பல நிரல்கள் பயனரின் அமைப்புகளை இப்படிப்பட்ட கோப்புகளிலிருந்தே படிக்கின்றன. கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லுக்கு .பாஷ்ஆர்சி, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டுக்கு .கிட்கான்ஃபிக், உரை எழுத உதவும் விம்முக்கு .விம்ஆர்சி. நிரலாளர் ஒருவர் ‘என் டாட்ஃபைல்ஸ்’ என்றால், புதுக் கணினியைத் தன் கைக்குப் பழகிய கணினியாக மாற்றும் மொத்தத் தொகுப்பையும் சொல்கிறார்.

புள்ளி வைத்தால் கோப்பு மறைவது யாரும் திட்டமிட்ட வசதி அல்ல. யூனிக்ஸின் தொடக்க நாட்களில் நடப்புக் கோப்புறைக்கு ஒற்றைப் புள்ளியும் அதன் மேல் கோப்புறைக்கு இரட்டைப் புள்ளியும் பெயராயின. கோப்புறையில் உள்ளவற்றைக் காட்டும் ‘எல்எஸ்’ கட்டளையின் பட்டியலில் இவை வராமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் சோதனையைச் சேர்த்தார்கள். முழுப் பெயரையும் ஒப்பிடாததால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே பட்டியலிலிருந்து விழுந்தன. யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் பணியாற்றிய ராப் பைக் 2012-ல் இதை எழுதி விளக்கினார். அந்த ஓட்டையே பின்னாளில் வழக்கமாயிற்று.

பெயரின் வாலில் வரும் ‘ஆர்சி’ இன்னும் பழையது. 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்துக்கு லூயி பூசான் எழுதிய ‘ரன்காம்’, கோப்பில் எழுதிய கட்டளைகளை வரிசையாக இயக்கியது. ‘ரன் கமாண்ட்ஸ்’ என்பதே அதன் விரிவு. .பாஷ்ஆர்சி செய்வதும் அதுதான்: ஷெல் திறந்ததும் அதிலுள்ள கட்டளைகள் ஓடும்.

தமிழில் ‘மறைகோப்பு’ என்று வைப்பது சரியாகாது. அது ஹிட்டன் ஃபைலுக்குரிய சொல். விண்டோஸில் மறைவு என்பது கோப்பின் பண்பு. பெயரிலுள்ள புள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. .கிட்கான்ஃபிக் அங்கே எக்ஸ்புளோரரில் வெளிப்படையாகவே தெரியும். ‘அமைப்புக் கோப்பு’ என்பதோ எல்லா கான்ஃபிகரேஷன் கோப்புக்கும் பொது. புள்ளிக்கோப்பு என்பதே பொருந்துகிறது. இப்போது பல நிரல்கள் .கான்ஃபிக் என்ற கோப்புறைக்குள் புள்ளியில்லாத பெயர்களில் அமைப்புகளை வைக்கின்றன. கோப்புறையின் பெயரில் புள்ளி இருப்பதால் அவற்றையும் அப்படியே அழைக்கலாம்.

புள்ளிக்கோப்புகள் பெரும்பாலும் வெறும் உரை. அதனால் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேரும் கிட் களஞ்சியத்தில் வைத்து, எந்தக் கணினிக்கும் இறக்கிக்கொள்ளலாம். பயனருக்கே உரிய ஹோம் கோப்புறைக்குள் ‘டாட்ஃபைல்ஸ்’ என்றொரு கோப்புறை. அதில் ‘கிட் இனிட்’ கொடுத்தால் அது களஞ்சியமாகும். கோப்பை ‘எம்வி’ கொண்டு உள்ளே நகர்த்தி, பழைய இடத்தில் ‘எல்என் -எஸ்’ கொடுத்து சிம்லிங்க், அதாவது உண்மைக் கோப்பைச் சுட்டும் இணைப்பு. இலக்குக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். சார்புப் பாதை கொடுத்தால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அல்ல, இணைப்பு இருக்கும் இடத்திலிருந்து அது கணக்காகும். இணைப்பு பிழையின்றி உருவாகும். திறக்கும்போதுதான் கோப்பு இல்லை என்று வரும்.

கோப்புகள் பெருகினால் குனு ஸ்டோ என்ற கருவி இந்த இணைப்புகளை ஒரே கட்டளையில் போட்டுத்தரும். ஹோமில் அதே பெயரில் உண்மையான கோப்பு இருந்தால் அது மறுத்துவிடும். அப்போது ‘அடாப்ட்’ ஆப்ஷனைப் போடச் சொல்வார்கள். அது ஹோமில் உள்ள கோப்பைக் களஞ்சியத்துக்குள் நகர்த்தி, அங்கிருந்ததன் மேல் எழுதிவிடும். கமிட் செய்யாத, அதாவது கிட்டில் பதிவுசெய்யாத, மாற்றங்கள் போனது போனதுதான். முதலில் கமிட் செய்துவிட்டு ‘அடாப்ட்’ போட்டு, பிறகு என்ன மாறியது என்று ‘கிட் டிஃப்’ பாருங்கள்.

இவற்றைப் புதுக் கணினியில் தானாகச் செய்ய எழுதும் நிறுவும் ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். நிரல்களை எங்கே தேடுவது என்று ஷெல்லுக்குச் சொல்லும் பாத் வரியை ‘>>’ கொண்டு ஒட்டினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி கூடும். ‘கிரெப்’ வைத்து வரி ஏற்கெனவே உண்டா என்று பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். கோப்புறைக்கு ‘எல்என் -எஸ்எஃப்’ கொண்டு இணைப்புப் போட்டிருந்தால், இரண்டாம் முறை அது பழைய இணைப்பை மாற்றாது. இணைப்பு காட்டும் கோப்புறைக்குள்ளேயே இன்னொரு இணைப்பைப் போடும். ‘என்’ ஆப்ஷனையும் சேர்த்தால் இது நடக்காது. .பாஷ்ஆர்சியில் வாழ்த்துச் செய்தி எதையும் ‘எக்கோ’ கட்டளையால் திரையில் அச்சிடாதீர்கள். தொலைக் கணினியில் அந்த வரி தரவோடு கலந்து, கணினிகளுக்கிடையே கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கைக் குழப்பும்.

கோப்பு அனுமதிகளில் ‘இயக்கலாமா’ என்ற ஒன்றை மட்டுமே கிட் நினைவில் வைக்கும். எனவே உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 என்று பூட்டிவைத்த கோப்பு, புதுக் கணினியில் பெரும்பாலும் மற்றவரும் படிக்கக்கூடிய 644 ஆகவே இறங்கும். ஸ்கிரிப்டிலேயே அனுமதியை மாற்றும் ‘சிஎச்மாட்’ போட வேண்டும். தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் தனித்திறவி, கடவுச்சொற்கள் இருக்கும் .நெட்ஆர்சி, இட்ட கட்டளைகள் பதிவாகும் ஷெல் ஹிஸ்டரி ஆகியவை களஞ்சியத்துக்குள் வரவே கூடாது. பொதுக் களஞ்சியத்தில் திறவி ஒன்று ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். அந்தத் திறவியை ரத்து செய்து புதியதை உருவாக்குவதுதான் முதல் வேலை.