பாடறிதிறன்: சொல் விளக்கம்

ஆட்கடத்தலிலிருந்து மீண்டவர்களுக்கு உதவுவோரின் பயிற்சிகளில் ‘கல்ச்சுரல் காம்பிடன்ஸ்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. தமிழில் அதைப் ‘பண்பாட்டுத் திறன்’ என்று பெயர்க்கிறார்கள். கேட்பவரோ கோலத்திலும் பரதத்திலும் உள்ள தேர்ச்சி என்றே கொள்வார்.

1989இல் அமெரிக்காவில் டெரி கிராஸ் முதலானோர் சிறுபான்மையினக் குழந்தைகளின் மனநலப் பணிகளைக் குறித்து எழுதிய அறிக்கையால் இத்தொடர் பரவலாயிற்று. ‘காம்பிடன்ஸ்’ என்பதன் இலத்தீன் வேருக்குக் கூடிவருதல், பொருந்துதல் என்னும் பொருள்கள் உண்டு. உதவுபவர் தம்மையும் தம் நிறுவனத்தையும் எதிரில் இருப்பவரின் வாழ்முறைக்குப் பொருத்திக்கொள்வதே இங்குக் கருத்து.

மொழி ஒன்றாயிருந்தால் இது தானே வந்துவிடும் என்று, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த நானும் நம்பியிருந்தேன். உணவகம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட தமிழகப் பெண்ணிடம், “மாசம் எத்தன வெள்ளி கொடுத்தாங்க அக்கா?” என்று கேட்டேன். “வெள்ளியெல்லாம் ஒண்ணும் குடுக்கலைங்க” என்றார். சம்பளமே தரவில்லை என்று பதிவாயிற்று. முதல் இரண்டு மாதம் பணம் வந்ததாக மறுநாள் அவர் சொன்னபோது, முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்றார்கள். மலேசியத் தமிழராகிய நமக்கு ‘வெள்ளி’ என்றால் ரிங்கிட் என்னும் பணம். அவருக்கோ அது கொலுசு செய்யும் உலோகம்.

“வாங்குன முன்பணம் கழியாம எப்படிங்க வர்றது?” என்றும் அவர் கேட்டார். கடனைத் தீர்க்காமல் வெளியேறுவது தம் குற்றம் என்று எண்ணியதால், அடைத்துவைத்தவரைக் குறை சொல்ல அவருக்கு நா எழவில்லை. பிறருடைய கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) பிடித்துவைப்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாக இருந்தும், “மொதலாளி பத்திரமா வச்சிருக்கார்” என்றே சொன்னார். கங்காணி கொடுத்த முன்பணத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்தத் தயக்கம் புரிந்திருக்க வேண்டும்.

கலித்தொகையில் ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்று ஓர் அடி உண்டு. அங்கே பாடு என்பது உலகத்தாரின் ஒழுகலாறு. நம் பேச்சில் ‘பட்ட பாடு’ என்றால் துன்பம். மீண்டவரிடம் அறிய வேண்டியவை இவ்விரண்டுமே ஆகையால், ‘பாடறிதிறன்’ என்பதே தகுந்த நிகர்ச்சொல் என்பது என் கருத்து. ‘பாடறிந்து கேட்டார்’ என வினையாகவும் அது இயல்பாக அமைகிறது. இப்போதெல்லாம் நான் ஒரு ரிங்கிட் தாளை மேசையில் வைத்து, “இதுல எத்தன கொடுத்தாங்க?” என்று கேட்கிறேன்.