பொருளாதார ராஜதந்திரமா, தூதாண்மையா?

கடன், வணிகம், முதலீடு, எரிபொருள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு நாடு தன் வெளியுறவுக் காரியங்களைச் சாதித்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'எகனாமிக் டிப்ளமசி' என்பார்கள். அதைப் 'பொருளாதார ராஜதந்திரம்' என்று நாளேடுகள் எழுதுகின்றன.

'டிப்ளமசி'யின் வேர், 'இரண்டாக மடித்த ஏடு' எனப் பொருள்படும் 'டிப்ளோமா' என்ற கிரேக்கச் சொல். அரசு வழங்கும் சலுகை, பயண அனுமதி எல்லாம் அந்தப் பெயரில் வந்தன. படிப்புச் சான்றான டிப்ளோமாவை நாம் 'பட்டயம்' என்கிறோம், பொருத்தம்தான். நாகப்பட்டினத்தில் சுமத்திராவின் ஸ்ரீவிஜய நாட்டு அரசர் எடுப்பித்த புத்த விகாரத்துக்கு சோழ மன்னர் முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தியும் செப்புப் பட்டயத்தில்தான் இருக்கிறது.

வடமொழியில் 'தந்திரம்' என்றால் நெறி, முறைமை. தமிழ்ப் பேச்சிலோ அது சூழ்ச்சி. அதனால் 'ராஜதந்திரம்' என்றதுமே சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மாற்றாக வந்த 'பண்ணுறவாண்மை' என்ற புதுச்சொல் நாவில் நிற்கவில்லை. குறளிலேயே தூதுக்குத் தனி அதிகாரம் உண்டு. 'மேலாண்மை' போலத் 'தூதாண்மை' என்பதே சரி. 'பொருளாதாரம்' ஊன்றிவிட்ட சொல், அதை மாற்ற வேண்டியதில்லை.

இந்தப் பொருளாதாரத் தூதாண்மையில் இந்தியா அதிகம் கையாளும் கருவி 'லைன் ஆஃப் கிரெடிட்', அதாவது குறிப்பிட்ட தொகை வரை எடுத்துக்கொள்ளத் தரும் கடன். 'லைன்' என்பதை அப்படியே எடுத்து நம் செய்திகள் 'கடன் வரி' என்று பெயர்த்துக் கெடுக்கின்றன. படிப்பவருக்கு வருமான வரிதான் நினைவுக்கு வரும். 'கடன் வரம்பு' என்க. கடன் கேட்கும் அரசு திட்ட அறிக்கையுடன் இந்தியத் தூதரகத்தை அணுகும். வெளியுறவு, நிதி அமைச்சகங்கள் இசைந்தபின் எக்ஸிம் வங்கி (இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) ஒப்பந்தம் போடும். பணம் அந்த நாட்டுக் கருவூலத்துக்குப் போகாது. சரக்கு அனுப்பிய ஆவணங்களைக் காட்டும் இந்திய ஏற்றுமதியாளருக்கே வங்கி கொடுக்கும். கடனை அடைப்பது மட்டும் வாங்கிய அரசு. பொதுவாக, ஒப்பந்த மதிப்பில் 75 விழுக்காட்டுச் சரக்கும் சேவையும் இந்தியாவிலிருந்து வரவேண்டும். கட்டுமானப் பணிகளில் சற்றுத் தளர்த்துவார்கள். சிக்கல் பெரும்பாலும் திட்ட அறிக்கையில் தொடங்கும். மதிப்பீடு மேலோட்டமாக இருந்தால் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது செலவு வரம்பைத் தாண்டும், வேலை நிற்கும்.

2022 நெருக்கடியில் இலங்கைக்கு எரிபொருளுக்காக எக்ஸிம் வங்கி 50 கோடி டாலரும், உணவு, மருந்துக்காக ஸ்டேட் வங்கி 100 கோடி டாலரும் வரம்பு தந்தன. தலைப்புகளில் இரண்டும் 'உதவி' என்றே வந்தன. நன்கொடை என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை. கடன் வரம்புக்கு வட்டியும் தவணையும் உண்டு.