ரயில்காரர் விட்ட பிழையால் அடிபட்டீர்களா? விசாரணை முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே பதினொரு கடிதங்கள். காலை ரயிலில் வேலைக்கு வந்தவர், ஒரு சின்ன நிலையத்தில் இறங்கப் போயிருக்கிறார். அவர் இருந்த கடைசிப் பெட்டி மேடைக்கு வெளியே நின்றது. ஒரு கால் படியில், மற்றக் கால் கீழே எட்டவில்லை. அதற்குள் ரயில் எடுத்துவிட்டது. கணுக்கால் முறிந்து உள்ளே தகடு வைத்திருக்கிறது. பதினொரு கடிதத்துக்கும் அவருக்கு வந்த பதில் ஒன்றுதான்: "இது தொடர்பான விசாரணை நடைபெற்று வருகின்றது."

நான் கடிதங்களை வாசிக்க முதல் விபத்து நடந்த திகதியைக் கேட்டேன். இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிவிட்டது. நட்டஈட்டு வழக்குப் போடும் காலம் முடிந்து மூன்று மாதம்.

இன்னொருவருக்கு இப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. இலங்கையில் ரயில்வே ஒரு கம்பனி இல்லை, அரச திணைக்களம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் திரும்பி வந்த பிறகு, சுன்னாகத்தில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்குவதும் சாவகச்சேரியில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு வருவதும் பஸ் பயணம் மாதிரி ஆகிவிட்டது. சாரதியோ கார்ட்டோ நிலைய அதிபரோ கடமையில் கவனமில்லாமல் நடந்து உங்களுக்குக் காயம் வந்தால், அதற்கு அரசு பொறுப்பு. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சரி, உரிமை இருக்கிறது. அதை எப்படி இழக்கிறோம் என்பதுதான் பெரிய கதை.

முதலாவது பொறி அந்த "விசாரணை" என்ற சொல். திணைக்களம் நடத்துவது தன் ஊழியர்மீது எடுக்கும் ஒழுக்காற்று விசாரணை. அதன் முடிவில் ஒருவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகலாம், சம்பள ஏற்றம் நிற்கலாம், ஒன்றுமே நடக்காமலும் போகலாம். உங்கள் கையில் அதனால் ஒரு சதமும் வராது. நட்டஈடு வேண்டுமானால் நீதிமன்றம்தான், அதற்குக் காலம் இரண்டு வருடம். திணைக்களம் விசாரிக்கிறது என்பதற்காக அந்த இரண்டு வருடம் நிற்பதில்லை. கவுண்டரில் இருப்பவர் இதைச் சொல்லமாட்டார். "விசாரணை முடியட்டும், பிறகு பாப்பம்" என்று நல்ல மாதிரித்தான் சொல்லுவார். நீங்களும் நம்பி இருந்துவிடுவீர்கள்.

அதோடு, வழக்குப் போடுவதற்கு ஒரு மாதம் முன்னதாக, அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவு அது. ஆகவே இருபத்துமூன்றாம் மாதத்தில் சட்டத்தரணியிடம் ஓடினாலும் பிந்தித்தான் போயிருக்கிறீர்கள். முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கிராம அலுவலரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போனால் இரண்டாம் தரம் அலைய வேண்டியதில்லை.

இனி அன்றைக்கே செய்ய வேண்டியவை.

ரிக்கெட். நிலையத்து வாசலில் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாங்களும் பழக்கத்தில் நீட்டிவிடுவோம். அந்தச் சின்ன மட்டைதான் நீங்கள் அந்த ரயிலில் வந்ததற்கு ஒரே சாட்சி. அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடமும் வாசலில் ரிக்கெட்டை மறக்காமல் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்! குடுக்க முதல் இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். சீசன் ரிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். நீங்கள் பயணம் செய்ய உரிமையுள்ளவர் என்றுதான் அது காட்டும், அன்றைக்கு அந்த ரயிலில் ஏறியதைக் காட்டாது. கூட வந்த இரண்டு பேரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி. வலியில் "விழுந்திட்டன்" என்று மட்டும் சொல்லிவிடுவோம். அனுமதிக்கும்போது எழுதும் அட்டையில் "விழுந்து காயம்" என்று இருந்தால், வழியில் தடுக்கி விழுந்ததும் அதுதான், ரயில் இழுத்து விழுந்ததும் அதுதான். "ரயிலால் இறங்கேக்க ரயில் வெளிக்கிட்டு விழுந்தனான்" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் கூட வந்தவர் சொல்லட்டும்.

பொலிஸ். நிலைய அதிபரிடம் சொன்னால் முறைப்பாடு செய்தாகிவிட்டது என்று கனபேர் நினைக்கிறார்கள். இல்லை. ரயில்வே பாதுகாப்பு ஊழியரிடம் சொன்னதும் பொலிஸ் முறைப்பாடு இல்லை. அந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, பதிவு இலக்கத்தை எழுதி வாங்க வேண்டும். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு ஒப்பம் வைக்கச் சொன்னால் வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அக்காவின் முறைப்பாட்டுப் பிரதியில் "ஓடும் ரயிலில் இருந்து இறங்க முயன்றவர்" என்று இருக்கிறது. நின்ற ரயிலில் இருந்து இறங்கியவர் அவர். வாசித்துப் பார்க்காமல் ஒப்பமிட்ட ஒரு வரி அது. அந்த ஒரு வரியை வைத்தே முழுப் பழியையும் அவர்மேல் போடலாம்.

மிதிபலகையில் நின்றீர்கள், அவசரப்பட்டீர்கள் என்று உங்கள்மேல் பிழை சொல்லுவார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தாலும் வழக்கு அழியாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்குப் பிழைக்கு ஏற்ப நட்டஈட்டுத் தொகை குறையும், அவ்வளவுதான். "உங்களிலதான் பிழை, ஒண்டும் கிடையாது" என்று கவுண்டரில் ஒருவர் சொன்னால், அது தீர்ப்பு இல்லை.

அப்புறம் அலைச்சல். நிலையத்தில் கேட்டால் அநுராதபுரம் என்பார்கள், அநுராதபுரத்தில் கேட்டால் கொழும்பு என்பார்கள், கொழும்பில் கேட்டால் நிலைய அறிக்கை இன்னும் வரவில்லை என்பார்கள். கணுக்காலில் தகடோடு இந்தச் சுற்றை ஏன் சுற்ற வேண்டும்? நேரில் போகாதீர்கள். புகையிரதப் பொது முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரே கடிதம், தமிழிலேயே. எந்த அரச அலுவலகத்தோடும் தமிழில் எழுதித் தொடர்புகொள்ளலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. சிங்களத்தில் பதில் வந்தால் தமிழில் தரச்சொல்லி மறுகடிதம் போடுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி.

உண்மையில் வேலை செய்யும் ஆயுதம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரச அலுவலகத்தில் இருக்கும் பதிவுகளை விண்ணப்பம் போட்டுக் கேட்டு வாங்கும் உரிமை அது. "ஏன் இப்படி நடந்தது?" என்று கேட்காதீர்கள், வியாக்கியானம் எழுதி அனுப்புவார்கள். பதிவேட்டைக் கேளுங்கள். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மறுத்தாலும் பதிலே வராவிட்டாலும் பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்க அந்தத் திணைக்களத்திலேயே நியமித்தவர்) மேன்முறையீடு, அவரும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வாயால் "விசாரணை நடக்குது, தர ஏலாது" என்றால் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: கனடாவில் இருக்கும் மாமா நன்றாக எழுதுவார் என்று அவர் பெயரில் விண்ணப்பம் போடுவது. இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் கேட்டால் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும். அவர் எழுதித் தரட்டும், ஒப்பம் உங்களுடையதாக இருக்கட்டும்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கும் போகலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து போங்கள். சும்மா கவனயீனத்துக்கு அது வழியில்லை. முறைப்பாட்டை ஏற்க மறுத்தார்கள், தமிழர் என்றோ தமிழில் பேசியதற்கோ வேறுமாதிரி நடத்தினார்கள் என்றால் போங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போக ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. முறைப்பாட்டைக் குடுத்த துண்டு மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவிடம் கடிதம் வாங்கி வையுங்கள்.

யாராவது வீட்டுக்கு வந்து மருத்துவச் செலவுக்கு என்று ஒரு தொகை தந்தால், ஒப்பமிடும் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சட்டத்தரணிக்குக் காட்டாமல் கை வைக்க வேண்டாம்.

தகவல் விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான். திகதியையும் இடத்தையும் மாற்றி அப்படியே எழுதுங்கள்:

"இன்ன திகதி காலை இன்ன நேரத்துக்கு இன்ன நிலையத்தில் நின்ற ரயில் தொடர்பாகப் பின்வருவனவற்றின் பிரதிகளைத் தமிழில் தரவும்: அன்றைய நிலைய ரயில் பதிவேட்டுப் பக்கம், அந்த ரயிலின் கார்ட் எழுதிய பயண அறிக்கை, அந்த ரயிலில் இணைத்த பெட்டிகளின் எண்ணிக்கையும் அந்த நிலைய மேடையின் நீளமும் காட்டும் பதிவு, இச்சம்பவம் பற்றி நிலைய அதிபர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை, நடந்த விசாரணையின் அறிக்கை, முடியவில்லையாயின் அது தொடங்கிய திகதியும் விசாரிக்கும் அலுவலரின் பதவியும்."

பெட்டிகளின் எண்ணிக்கையையும் மேடையின் நீளத்தையும் விட்டுவிடாதீர்கள். கடைசிப் பெட்டி மேடைக்கு வெளியே நின்றதைக் காட்ட அந்த இரண்டு கணக்கும் வேண்டும். தபால் கந்தோரில் தரும் பதிவுத் துண்டை விண்ணப்பத்தின் பிரதியிலேயே பின் குத்தி, மேல் மூலையில் விபத்து நடந்த திகதியையும் அதிலிருந்து இரண்டு வருடம் முடியும் திகதியையும் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள்.